ஆடாத மேட்சுக்கு 43 இலட்சம் பவுண்ட்ஸ்: பென் கொலெட்டுக்கு என்ன நடந்தது?

[திரையில்: மெக்கெய்சர் விளையாட்டரங்கு, மாலை நேரப் பயிற்சி]

சனிக்கிழமை இரவு எட்டரைக்கு பிரிமியர் லீக் பார்க்க டீவிக்கு முன்னால் குந்துகிற திருகோணமலைப் பெடியன்களிடம் பென் கொலெட் யாரென்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். அதில் பிழையில்லை. மென்செஸ்டர் யுனைடெட்டின் பெரிய அணிக்கு அவர் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. ஆனால், ஆடியிருந்தால் இவர் எவ்வளவு உழைத்திருப்பார் என்று இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஏறத்தாழ 43 இலட்சம் பவுண்ட்ஸ் கொடுக்கச் சொன்னது. நடக்காத ஒரு விஷயத்துக்கு எப்படி விலை போட்டார்கள்? அதுதான் இந்த வீடியோ.

[திரையில்: 2003]

ஒன்பது வயதிலேயே யுனைடெட்டுக்குள் போனவர் கொலெட். 2003 ஏப்ரலில் எஃப்.ஏ. யூத் கப் (இங்கிலாந்துக் கழகங்களின் இளையோர் அணிகளுக்கான கிண்ணம்) இறுதியாட்டம், இரண்டு கட்டம், எதிரணி மிடில்ஸ்பரோ, மொத்தமாக 3-1 என்று யுனைடெட் வென்றது. அந்த அணியில் இருந்த கீரன் ரிச்சர்ட்சன் பிறகு இங்கிலாந்துக்கே ஆடினார், பில் பார்ட்ஸ்லி பல வருடம் பிரிமியர் லீக்கில் ஆடினார். அந்த சீசனில் கழகத்தின் சிறந்த இளம் வீரர் விருது போனது கொலெட்டுக்கு.

அப்புறம் மே மாதம். ரிசேர்வ் அணிக்காக (பெரிய அணிக்கு அடுத்த அணி) முதல் மேட்ச், எதிரணி மறுபடியும் மிடில்ஸ்பரோ. பந்தைப் பறிக்கக் கால் நீட்டுகிற டக்கிள் ஒன்று பந்துக்கு மேலால் வந்தது, வலது கணைக்காலில் இரண்டு எலும்பும் முறிந்தன. வயது 18.

எலும்பு ஒட்டியது. இந்த இடத்தைத்தான் நம்மவர்கள் விளங்கிக்கொள்வதில்லை, "கால் ஒட்டிவிட்டதே, பிறகென்ன" என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் பிளாஸ்டரில் கிடந்த காலில் தசை கரையும், கணுக்கால் இறுகும், பயிற்சி செய்து அதையெல்லாம் திரும்ப எடுத்தாலும் முதல் ஐந்து மீற்றர் ஓட்டத்தில் அரை அடி குறைந்துபோயிருக்கும். கடைக்குப் போய் வருகிற ஆளுக்கு அந்த அரை அடி தெரியவே தெரியாது. அந்த அளவில் ஆடுகிறவனுக்கு அவனுடைய தொழிலே அந்த அரை அடிதான். கொலெட் நியூசிலாந்துக்குப் போய் ஆடிப் பார்த்தார், நெதர்லாந்தில் ஆடிப் பார்த்தார், பழைய ஆட்டம் வரவில்லை. விட்டுவிட்டு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கப் போனார்.

[திரையில்: நீதிமன்றம், 2008]

கொலெட் நட்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் யார் பிழை என்ற சண்டையே இல்லை. டக்கிள் போட்டவரும் மிடில்ஸ்பரோ கழகமும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள் (வேலையில் இருக்கும்போது ஒருவர் செய்த பிழைக்கு அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு, கழகம் உள்ளே வந்தது அப்படித்தான்). மிச்சமிருந்த ஒரே கேள்வி, எவ்வளவு?

வலிக்கும் காயத்துக்கும் கிடைத்தது வெறும் 35,000 பவுண்ட்ஸ். மற்றக் காசு ஏறக்குறைய முழுவதும் இழந்த உழைப்புக்கு, அதாவது ஆடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்துக்கு. ஆகவே "ஒரு காலுக்கு இவ்வளவு காசா" என்று யாராவது வாயைப் பிளந்தால், காலுக்கு அவ்வளவு கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள்.

அப்போது யுனைடெட்டின் மனேஜராக இருந்த அலெக்ஸ் பெர்குசனே நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார். பெடியன் பாடுபட்டுப் பயிற்சி செய்தது, கவனம், மேலே வருவதற்கான வாய்ப்பு எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். நீதிபதி கரோலைன் ஸ்விஃப்ட் போட்ட கணக்கை இலேசாகச் சொன்னால் இப்படி: 35 வயது வரை ஆடியிருப்பார், அதில் மூன்றில் ஒரு பங்கு பிரிமியர் லீக்கில், மிச்சம் அதற்குக் கீழே சாம்பியன்ஷிப்பில். அந்தச் சம்பளத்தில் இருந்து, இனி வேறு வேலை பார்த்து உழைக்கப்போவதைக் கழி. வேறு காயம் வந்திருக்கலாம், ஃபோர்ம் போயிருக்கலாம், அதற்காக இன்னும் 15 வீதம் கழி. மெஸ்ஸி ஆகியிருப்பார் என்று யாரும் கனவு காணவில்லை, அதனால்தான் இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்தது. மிடில்ஸ்பரோ மேன்முறையீடு செய்தது. 2009 இல் அதுவும் தோற்றது.

[திரையில்: டச்பே கடற்கரை, பெடியன்கள் ஆட்டம்]

சரி, இதே முறிவு கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பெடியனுக்கு நடந்தால்? பாதிப் பேருக்குக் கணைக்காலைக் காக்கிற ஷின் கார்ட்டே இருக்காது, விதிப்படி அது கட்டாயம். முறிவு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டு, எண்ணெய் பூசி, வீட்டில் இருப்பான். இங்கே ஆடி உழைப்பது என்றால் பலருக்கும் இராணுவம், கடற்படை, பொலிஸ் அணிகளில் ஒரு வேலை கிடைப்பதுதான், அந்த வாசலும் அன்றைக்கே மூடிவிடும். கால் நன்றாக இருந்தவர்களுக்கும் இங்கே வழி அடைபட்டிருக்கிறது, 2023 ஜனவரியில் பிஃபா இலங்கையைத் தடைசெய்து ஓகஸ்ட்டில்தான் தடையை எடுத்தது, அந்த மாதங்களில் சர்வதேச மேட்ச் எதுவும் இல்லை. அது வேறு எரிச்சல், விடுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையைத் திருத்திக் கட்டிய ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம்தான் இங்கே நட்டஈட்டு வழக்குகளுக்கு அடிப்படை, அதில் இழந்த உழைப்பையும் கேட்கலாம். ஆனால் கேட்பதற்குக் கையில் என்ன இருக்கிறது? கொலெட்டுக்கு ஒன்பது வயதில் இருந்து அவரைப் பார்த்து வளர்த்த ஒரு கழகமே பின்னால் நின்றது. நம்முடைய பெடியனிடம் ஒரு சான்றிதழும், குழுவாக நின்று எடுத்த இரண்டு படமும் இருக்கும். எத்தனை மேட்ச் ஆடினான், எந்த இடத்தில் ஆடினான், யார் வந்து பார்த்தார்கள் என்று ஒரு சீஆர் கொப்பியில்கூட யாரும் எழுதி வைப்பதில்லை. கோச் மாஸ்டருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்தான், எதிர்த்தரப்பு லோயர் குறுக்கு விசாரணை செய்யும்வரைக்கும்.

இன்னொன்று. காயத்துக்கு நட்டஈடு கேட்டு இங்கே வழக்குப் போட இரண்டு வருடம்தான் தவணை. "அடுத்த சீசனுக்குள் சரியாகிவிடும்" என்று ஒவ்வொரு சீசனாகத் தள்ளிக்கொண்டு போகிற அம்மா அப்பாமார், எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு முதல் வருடத்துக்குள்ளேயே ஒரு லோயரைப் போய்ப் பாருங்கள்.