அந்தோனியோ பெனிக்னோவின் ஒப்பந்தத் தாள்

(எங்கள் நகர வரலாற்று ஆர்வலர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்களே, மாவட்ட நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் நடுகற்களைப் பற்றி அரிய செய்திகளைச் சொல்லி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, மருத்துவக் கல்லூரி மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த அரங்கத்தை வாடகை வாங்காமல் தந்த நகர்மன்றத் தலைவர் அம்மையாருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். டெங்கு தடுப்புப் பணி தலைக்கு மேல் இருக்கும் இந்த மழைக்காலத்தில், ஒரு மாலைப் பொழுதை நமக்காக ஒதுக்கி வந்திருக்கும் இணை இயக்குநர் அவர்களுக்கும் நன்றி. அவர் இந்த மேடையில் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இன்று நான்கு செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். கொசுவைக் காட்டிக்கொடுத்த கியூபா மருத்துவர், இரண்டு குடிசைகளில் நடந்த சோதனை, அந்தச் சோதனையின் வரலாற்றைத் தேடி அலைந்த மனிதர், நான்காவதாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பிறந்த கதை. நான்குக்கும் பொதுவாக நம் முன்னோர் சொல்லி வைத்த ஒரு வாக்கு இருக்கிறது: சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் கிடையாது. ஆப்பிரிக்காவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும்தான் இருக்கிறது. அங்கே பயணம் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைரஸ் ஈரலைத் தாக்கும், கண் மஞ்சளாகும், நோய் முற்றினால் வாந்தி கருப்பாக வரும். ஆனால் இதைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் அதே ஏடிஸ் கொசுதான். டெங்குவைக் கொண்டுவருகிற அதே கொசு.

ஹவானா நகரத்து மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், அந்நகர அறிவியல் கழகத்தில் எழுந்து நின்று, இந்த நோயைப் பரப்புவது கொசு என்றார். ஃபின்லேக்குச் சிறு வயதிலிருந்து பேச்சுத் திக்கும். கேட்டவர்கள் நம்பவில்லை. இருபது ஆண்டுகள் அவரைக் கொசுக் கிறுக்கர் என்றே நினைத்தார்கள். அவர் கைவிடவில்லை. 1900ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் வால்டர் ரீட், ஜேம்ஸ் கேரல், ஜெஸ்ஸி லஸியர், அரிஸ்டிடீஸ் அக்ரமோன்டே ஆகிய நால்வரைக் குழுவாக்கிக் கியூபாவில் இந்த நோயை ஆராயச் சொன்னது. அவர்கள் வீடு தேடி வந்தபோது ஃபின்லே எதைக் கொடுத்தார் தெரியுமா? ஒரு பீங்கான் பாத்திரம். தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கருப்பாகச் சில கொசு முட்டைகள். பார்த்தால் தூசு என்று துடைத்துப் போட்டுவிடுவோம். லஸியர் அந்த முட்டைகளைப் பொரிக்க வைத்தார். சோதனைக்கான கொசுக்கள் அதிலிருந்துதான் வந்தன. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சொன்னேனே, இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்தக் கொசுக்களில் ஒன்றைக் கேரல் தன் கையிலேயே கடிக்க விட்டார். சாவின் விளிம்பு வரை போய்ப் பிழைத்தார். லஸியர் பிழைக்கவில்லை. 1900 செப்டம்பர் 25ஆம் நாள், 34ஆம் வயதில் இறந்தார். ஊரில் அவர் மனைவிக்கு அப்போதுதான் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அவருடைய சிறு குறிப்பேடு ரீடின் கைக்கு வந்தது. 1902இல் ரீட் இறந்த பிறகு அவர் அலுவலகத்திலிருந்து அது காணாமல் போய்விட்டது. லஸியரைக் கொசு தற்செயலாகக் கடித்ததா, அவரே கடிக்க விட்டாரா என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. ஒரு குறிப்பேடு பத்திரமாக இருந்திருந்தால் இந்த வாதமே வந்திருக்காது. இதை மனத்தில் வையுங்கள்.

இப்போது குடிசைகளுக்கு வருகிறேன். ஹவானாவை அடுத்த மரியானாவ் பகுதியில், நவம்பர் 20ஆம் நாள், இறந்தவர் பெயராலேயே லஸியர் முகாம் என்று கூடாரம் அடித்தார்கள். இரண்டு சிறிய மரக் குடிசைகளைக் கட்டினார்கள். நோயாளியின் துணிமணி, படுக்கை வழியாகத்தான் நோய் தொற்றும் என்று அன்றைக்கு உலகமே நம்பியது. அது உண்மையானால் முதல் குடிசைக்குள் போகிறவன் உயிரோடு திரும்பக் கூடாது. பெரிய பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே மஞ்சள் காய்ச்சலில் கிடந்தவர்களின் விரிப்புகள், தலையணை உறைகள், கம்பளிகள். கருப்பு வாந்தியும் மலமும் சிறுநீரும் அப்படியே காய்ந்து ஒட்டியிருக்கின்றன. காற்று வராதபடி அடைத்து, உள்ளே அடுப்பு வைத்துச் சூடேற்றியிருந்தார்கள். நவம்பர் 30ஆம் நாள் மருத்துவர் குக் என்பவரும் ஃபோக், ஜெர்னகன் என்ற இரண்டு படைவீரர்களும் உள்ளே போனார்கள். பெட்டியைத் திறந்து துணிகளை உதறிப் போட வேண்டும் என்பது கட்டளை. திறந்தார்கள். நாற்றம் தாங்காமல் மூவரும் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள். நின்று மூச்சு வாங்கினார்கள். பிறகு, அம்மா, யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தாங்களாகவே திரும்பி உள்ளே போய் அந்த விரிப்பிலேயே படுத்தார்கள். ஒரு நாள் இல்லை, இருபது இரவுகள்! காலையில் எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைப்பது, இரவில் எடுத்து விரிப்பது. அவர்களுக்குப் பின் இன்னும் இரண்டு அணிகள். பிந்தியவர்கள் நோயாளிகள் உடுத்திய உடைகளையே உடுத்திக்கொண்டு தூங்கினார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

இரண்டாவது குடிசை சுத்தமானது, காற்றோட்டமானது, மெத்தை விரிப்பெல்லாம் புதியது. நடுவில் ஒரு கம்பி வலைத் தடுப்பு. ஒரு பக்கம் பதினைந்து கொசுக்களைத் திறந்துவிட்டார்கள். டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் ஜான் மோரன் என்ற இளைஞர் அந்தப் பக்கம் போய்ப் படுத்தார். சில நிமிடங்களிலேயே கடி தொடங்கியது. மாலையில் மறுபடி போனார், மறுநாளும் போனார். வலைக்கு மறுபக்கம் படுத்தவர்கள் அதே காற்றைச் சுவாசித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. மோரனுக்குக் கிறிஸ்துமஸ் நாள் காலையில் குளிர்க் காய்ச்சல் கண்டது. பிழைத்துக்கொண்டார். மோரனும், அவருக்கு முன்பே கடிபட்டுக் காய்ச்சலில் விழுந்த கிஸ்ஸிங்கரும் காசு வேண்டாம் என்று சொல்லி வந்தவர்கள்.

காசுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து பிழைப்புத் தேடிக் கியூபாவுக்குக் கப்பல் ஏறிய கூலிகள். இந்தக் கூலிகளிடம் ரீட் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கினார். சோதனைக்கு உட்பட்டால் நூறு டாலர் தங்கக் காசு. காய்ச்சல் கண்டு குணமானால் இன்னொரு நூறு. செத்துப்போனால் இருநூறும் அவர் குறிப்பிடும் ஆளுக்குப் போய்ச் சேரும். 1900 நவம்பர் 26ஆம் தேதியிட்ட ஒரு தாள் இன்றும் இருக்கிறது. அந்தோனியோ பெனிக்னோ, வயது இருபத்தைந்துக்கு மேல், ஊர் செர்சேடா, தகப்பன் பெயர் மனுவேல், தாய் பெயர் ஹோசஃபா காஸ்ட்ரோ. தாயின் பெயர்கூட எழுதப்பட்டிருக்கிறது! மனிதன் மீது சோதனை செய்யும் முன் அவன் சம்மதத்தை எழுதி வாங்கிய மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று என்று மருத்துவ அறநெறி பேசுகிறவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். வறுமையில் இருப்பவனுக்கு நூறு டாலரைக் காட்டி வாங்கிய சம்மதம் சம்மதம்தானா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வர வேண்டிய கேள்வி அது.

பெனிக்னோவுக்குக் காய்ச்சல் கண்டது, பிழைத்தார். 1929இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தச் சோதனையில் ஈடுபட்டவர்களுக்குத் தங்கப் பதக்கமும் உதவித்தொகையும் அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஸ்பெயின்காரர்கள் இல்லை. பெனிக்னோ இல்லை, நிகனோர் ஃபெர்னாண்டஸ் இல்லை. எனக்கு இது ஆறவில்லை. 1901இல் ஹவானாவில் கொசுக்கடிக்கு உட்பட்டு 25 வயதில் இறந்த செவிலியர் கிளாரா மாஸுக்காவது பின்னாளில் கியூபாவும் அமெரிக்காவும் அஞ்சல் தலை வெளியிட்டன.

சரி, பெனிக்னோவின் தாள் நம் கைக்கு எப்படி வந்தது? ஃபிலிப் ஹென்ச் என்ற மூட்டுவலி மருத்துவர், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்தவர், கார்ட்டிசோன் மருந்துக்காக 1950இல் நோபல் பரிசு பெற்றவர், 1930களின் பிற்பகுதியிலிருந்து இந்தக் கதையின் பின்னாலேயே போனார். மோரனையும் கிஸ்ஸிங்கரையும் தேடிப்பிடித்தார். கடிதம், புகைப்படம், வரைபடம் என்று எதைக் கண்டாலும் சேர்த்தார். முகாம் எங்கே இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. மோரனைக் கூட்டிக்கொண்டு கியூபாவுக்குப் போய், வயல்காட்டில் முதல் குடிசை இன்னும் நிற்பதைக் கண்டார். அந்த இடம் 1952இல் நினைவிடமாகத் திறக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு மனைவி அத்தனை ஆவணங்களையும் ரீட் படித்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்று யாரும் இணையத்திலேயே பார்க்கலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று ஒரு வெள்ளைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு? நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், கட்டடம் இடிக்கும்போது பழைய நோயாளிப் பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேள்விப்பட்டுப் பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, 1940களின் காலராப் பதிவேடு. கரையான் தின்ற ஓரம், நீல மை, சாய்ந்த ஆங்கில எழுத்து. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, முடிவு என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. முடிவு என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்தான், இறந்தார். நம் சுற்றுவட்டத்து ஊர்ப் பெயர்கள். இந்த அரங்கத்தில் இருப்பவர்களின் பாட்டன் பாட்டி பெயர்கூட அதில் இருக்கலாம். மற்றவையெல்லாம் கூழாகிவிட்டன.

தடுப்பூசிக் கதைக்கு நேரம் இல்லை என்று தலைவர் கையைக் காட்டுகிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று போடும் 17டி என்ற மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி 1927இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் அசிபி என்ற மனிதரின் உடம்பிலிருந்து எடுத்த வைரஸிலிருந்து வந்தது. அவர் பெயர் குறிப்பேட்டில் எழுதப்பட்டதால்தான் இன்று நான் சொல்ல முடிகிறது.

இணை இயக்குநர் அவர்களே, தங்களிடம் என் கோரிக்கை இதுதான். இந்த மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் ஐம்பது ஆண்டுக்கு முந்திய பதிவேடு எதையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பட்டியல் எடுக்கும் வேலையை நாங்கள் சம்பளம் இல்லாமல் செய்கிறோம். மாணவச் செல்வங்கள் விடுமுறையில் வந்து உதவ வேண்டும். நோயாளிகளின் அந்தரங்கம் கெடாதபடி எதை எப்போது வெளியிடலாம் என்பதை மருத்துவர்களே முடிவு செய்யட்டும். நகர்மன்றத் தலைவர் அம்மையார் பழைய நூலகத்தின் மாடி அறை ஒன்றைக் கொடுத்தால் கரையான் படாமல் வைக்க இரும்பு அலமாரிக்கு நாங்கள் பணம் திரட்டிக்கொள்கிறோம். கோரிக்கை மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. போகும்போது பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்திட்டுப் போகுமாறு எல்லோரையும் வேண்டிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.