மகாவீரருக்கு முன்னால் யார்?

நேயர்களுக்கு வணக்கம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். ஒரே பாறையில் மேல்வரிசையில் 12, கீழ்வரிசையில் 12 என்று, சமண சமயத்தின் வழிகாட்டிகளான 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முதலாமவர் ஆதிநாதர் என்கிற ரிஷபதேவர். மகாவீரர் 24ஆவது, கடைசியாக வருபவர். ஆனால் பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் என்ன எழுதினோம்? சமணத்தைத் தோற்றுவித்தவர் மகாவீரர் என்று! நான் பேசுகிற இடமெல்லாம் இதைத்தான் சொல்லிவருகிறேன், இன்றும் சொல்கிறேன்: ஏற்கெனவே இருந்த மரபுக்குள் வந்து பிறந்தவர் அவர்.

ஆதிநாதர் காலம் வரலாற்றுக்கு எட்டாதது. 23ஆமவரான பார்சுவநாதரை அப்படித் தள்ளிவிட முடியாது. கழுகுமலையில் தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்க நிற்கிறாரே, அவர்தான். காசியில் பிறந்தவர். இன்றைய ஜார்க்கண்டில் சம்மேத மலையில் முக்தி அடைந்தார் என்பார்கள். அந்த மலைக்கு இப்போதும் பாரசநாத் என்றுதான் பேர். மகாவீரருக்கு 250 ஆண்டு முந்தியவர் என்பது மரபுக் கணக்கு. மகாவீரரின் பெற்றோர் சித்தார்த்தரும் திரிசலையும் பார்சுவரின் அடியார்கள் என்று சமண நூலான ஆசாராங்க சூத்திரமே சொல்கிறது. சமயம் வீட்டிலேயே இருந்திருக்கிறது, பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உத்தராத்யயன சூத்திரத்தில் 23ஆம் அத்தியாயம். இது சுவேதாம்பரர்களின், அதாவது வெள்ளாடைத் துறவிகளின் பிரிவினருடைய, ஆகமம் என்கிற புனித நூல். நம் தமிழ்ச் சமணர்கள் திகம்பரர்கள், ஆடை துறந்த துறவிகளின் பிரிவினர், அவர்கள் இந்த ஆகமத்தை ஏற்பதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாவத்தி நகரம். பார்சுவர் வழியில் வந்த கேசி முனிவர் தம் மாணவர்களோடு ஒரு சோலையில் தங்கியிருக்கிறார். மகாவீரரின் தலைமைச் சீடர் கௌதமர் வேறொரு சோலையில். இரண்டு பக்கத்து மாணவர்களுக்கும் குழப்பம். போய்ச் சேரும் இடம் ஒன்றென்றால், பார்சுவர் வழியினருக்கு நான்கு விரதம், மகாவீரர் வழியினருக்கு ஐந்து, ஏன்? பார்சுவர் வழியினர் ஆடை உடுத்துகிறார்கள், மகாவீரர் வழியினர் உடுத்துவதில்லை, ஏன்? அப்போது கௌதமர் என்ன செய்தார் தெரியுமா? கேசியுடையது மூத்த மரபு என்று மதித்து, அவர் இருக்கும் சோலைக்குத் தாமே போனார். கேசியும் வைக்கோலும் குசைப்புல்லும் கொடுத்து உட்காரச் சொன்னார்.

கேசி கேட்கிறார், கௌதமர் சொல்கிறார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பற்றில்லாமை என்ற நான்கோடு பிரமச்சரியத்தைத் தனி விரதமாக ஏன் பிரித்தீர்கள்? முதல் தீர்த்தங்கரர் காலத்தவர் நேர்மையானவர்கள், ஆனால் சொன்னது எளிதில் புரியாது. இடைக்காலத்தவர் நேர்மையும் அறிவும் உள்ளவர்கள், அவர்களுக்கு நான்கே போதும். கடைசிக் காலத்தவர் நேர்மையும் குறைந்து, புரிதலும் குறைந்தவர்கள், அவர்களுக்கு எதையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடையோ? அது உலகம் நம்மை அடையாளம் காண்பதற்கு. முக்திக்கு வழி ஞானம், தரிசனம் என்கிற நம்பிக்கை, ஒழுக்கம். கேள்விகள் இன்னும் பல. எல்லாம் முடிந்து, கேசி ஐந்து விரதத்தை ஏற்றுக்கொள்கிறார்.

பழைய மரபு ஒன்று முன்பே இருந்ததால்தானே இந்தச் சந்திப்பு? பௌத்தர்களின் பாலி நூலும் மகாவீரர் பேரில் நான்கு கட்டுப்பாடுகளைச் சொல்கிறது. அது பார்சுவரின் நான்கு விரதத்தின் சுவடு என்று ஜெர்மன் அறிஞர் யாக்கோபி 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். மகாவீரரின் முதன்மைச் சீடர்களான 11 கணதரர்களைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். பாவாவில் மகாவீரர் முக்தி அடைந்தபோது கணதரர்களில் மிஞ்சியவர்கள் கௌதமரும் சுதர்மரும்தான். சுதர்மருக்குப் பின் ஜம்பு. ஜம்புவுக்குப் பிறகு கேவல ஞானம் என்கிற முழுமையான அறிவைப் பெற்றவர் இல்லை என்கிறார்கள் இரு பிரிவினரும். வணக்கம்.