சாமிக்குக் கல், ராஜாவுக்குச் செங்கல்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிச் சுற்றுலாவைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளை எத்தனையோ ஊர்களுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ஆனாலும் மனசில் முதலில் வந்து நிற்பது ஒரே ஒரு நாள்தான். 1990-களின் நடுவில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரோடு கங்கைகொண்ட சோழபுரம் போன நாள்.

அன்றைக்கு நான் போட்ட திட்டம் எதுவும் நடக்கவில்லை. விடிகாலை ஐந்துக்கு வரவேண்டிய பேருந்து ஏழரைக்கு வந்தது. வழியில் இரண்டு பேருக்கு வாந்தி, பிறகு ஒரு பஞ்சர். கோயில் வாசலில் இறங்கும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. நடை சாத்தியாகிவிட்டது. இனி சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் சந்நிதி திறக்கும். நாற்பத்திரண்டு பிள்ளைகளை நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைப்பது என்றால் என்னவென்று ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும்.

கட்டுச்சோற்றை முடித்ததும் மாளிகைமேட்டுக்குக் கூட்டிப்போனேன். கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ராஜேந்திர சோழன் அரண்மனை இருந்த இடம். 1980-லிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்திருக்கிறது. "அரண்மனை பார்க்கப் போறோம்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளைகள் மனசில் சினிமா தர்பார் மண்டபம் வந்துவிட்டது. அங்கே போனால் இருந்தது பள்ளம். பள்ளத்துக்குள் இடுப்பளவுகூட இல்லாத செங்கல் சுவர். பக்கத்தில் நாலு ஆடு.

"இவ்வளவுதானா சார்?" என்றான் ஒருவன்.

அங்கே என்னென்ன கிடைத்தன என்று சொல்லிப் பார்த்தேன். கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனத்துப் பீங்கான் துண்டுகள். பீங்கான் என்றதும் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள், அவ்வளவுதான். அப்போது பின்வரிசையில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், "சார், சாமிக்குக் கல்லு, ராஜாவுக்குச் செங்கல்லா?" என்று கேட்டாள்.

அத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், அதை நான் இப்படி ஒரு வரியில் சொன்னதில்லை. ஆமாம், அதுதான் விஷயம். ஒரு காலத்தில் சாமிக்கும் செங்கல்தான். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து ஒரு குடைவரைக் கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமை பேசுகிறான். அதற்கு முன்னால் கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்பது அந்தப் பெருமையிலேயே தெரிந்துவிடுகிறதல்லவா? பிறகு சாமி மெல்ல மெல்லக் கல்லுக்குக் குடிபோனார். மனுஷன், அவன் கங்கை வரைக்கும் படை அனுப்பி, இன்றைய மலேசியாவில் இருக்கிற கடாரத்துக்குக் கப்பல் விட்ட சக்கரவர்த்தியாகவே இருந்தாலும், செங்கல்லிலும் மரத்திலும் ஓட்டுக் கூரையிலும்தான் இருந்தான். மரம் மக்கிப் போனது, ஆணி மட்டும் மிஞ்சியது.

"அப்ப செங்கல் எங்க சார் போச்சு?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார். "எங்க பாட்டன் வூட்டுத் திண்ணை கட்டினப்ப இங்கேருந்துதான் வண்டியில கொண்டாந்தாங்க தம்பி. எந்த வயல்ல நோண்டினாலும் செங்கல்லு வரும்." பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சின்னப் பொறாமைதான்.

அவரிடம் சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான் என்று அவர் சொல்லச் சொல்லக் கரும்பலகை இல்லாமலே பாடம் நடந்தது. உள்கோட்டை இருந்த இடம். மெய்க்காவலர்கள் குடியிருந்த இடம். ஆயுதங்கள் இருந்த இடம். கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு நீற்றிய இடம். பதினொன்றாம் நூற்றாண்டில் எழும்பி, சோழர் ஆட்சி முடியும்வரை சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர் அது. சுவர் போய்விட்டது, விலாசம் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஊர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போகலாம்.

நான்கு மணிக்குக் கோயிலுக்குத் திரும்பினோம். வெயிலில் சுட்ட தளத்தில் செருப்பில்லாமல் குதித்துக் குதித்துத்தான் போனோம். வழக்கமாக எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அப்பா ராஜராஜன் தஞ்சாவூரில் கட்டியதைவிட மகன் ராஜேந்திரன் ஏன் உயரம் குறைத்துக் கட்டினான்? அப்பாவுக்கு மரியாதை என்பார்கள் வழிகாட்டிகள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தஞ்சை விமானம் நெட்டுக்குத்தாக ஏறுகிறது, இது உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. இரண்டும் வேறு வேறு ஆசை. அன்றைக்கு அந்தக் கேள்வியையே ஒருவரும் கேட்கவில்லை.

வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கத்தில் சண்டேசுவரர் சிற்பம் இருக்கிறது. மாடு மேய்த்த பையன். மணலில் லிங்கம் பிடித்துப் பாலூற்றிப் பூசை செய்தான். பால்குடத்தை உதைத்த அப்பனின் காலையே வெட்டினான். அவன் தலையில் சிவபெருமான் தன் கையாலேயே கொன்றைமாலையைச் சுற்றுகிறார், பக்கத்தில் அம்மை. பையன் கைகூப்பித் தலைகுனிந்து இருக்கிறான். அந்தப் பையன் ராஜேந்திரன்தான், வெற்றிக்குப் பிறகு சாமி அவனுக்குப் பரிவட்டம் கட்டுவதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியும் இருக்கலாம். எனக்கு அந்தக் குனிந்த தலை போதும். மத்தியானம் பள்ளத்தில் பார்த்த செங்கல் சுவருக்குச் சொந்தக்காரன், இங்கே கல்லில் குனிந்து இருக்கிறான் என்றேன். சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். காலையிலேயே கோயிலைப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அதற்குப் பிறகு நான் கூட்டிப்போன ஒவ்வொரு முறையும் முதலில் மாளிகைமேடு, அப்புறம்தான் கோயில்.

உள்ளே போனார்கள், பெரிய லிங்கத்தைப் பார்த்தார்கள், விபூதி வாங்கினார்கள், சிங்கக் கிணற்றின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். புறப்படும்போது இன்னொருவன் பிடித்துக்கொண்டான். "கோயிலுக்குக் கல்லு, சரி. மதிலு ஏன் சார் இப்படி அங்கங்க இடிஞ்சு கிடக்கு?"

அதற்கும் ஒரு கதை உண்டு. 1836-ல் வெள்ளைக்காரர்கள் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்கு இந்தக் கோயில் மதிலைப் பிரித்துக் கல் கொண்டுபோனார்கள். ஊர் ஜனங்கள் மறித்தார்கள். மறித்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல்மதில் கட்டித்தருகிறோம் என்று ஒரு வாக்குக் கொடுத்தார்கள்; அந்த வாக்கு நிறைவேறவில்லை என்று 1855-ல் வெளியான ஒரு குறிப்பு மனம் நொந்து சொல்கிறது. அணையால் பாசனம் பெற்ற வயல்களும் உண்மை, அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுச் சோறு காவிரித் தண்ணீரில் விளைந்ததுதான்.

"அந்த அணை எங்க சார் இருக்கு?"

"காலையில நீங்கள்லாம் தூங்கிட்டு வந்தீங்களே, அணைக்கரைப் பாலம். அதுதான்."

திரும்பும்போது ஒருவரும் தூங்கவில்லை. பாலத்துக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. குறுகலான பாலம், பேருந்து ஊர்ந்துதான் போக வேண்டும். கீழே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. கோயில் கல் எது, எது என்று நாற்பத்திரண்டு பேரும் ஒரே பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். பேருந்து சாய்கிறது, எல்லாரும் அவரவர் இடத்தில் உட்காருங்கள் என்று ஓட்டுநர் சத்தம் போட்டார்.

வணக்கம்.