லிபர்ட்டி வேலன்ஸ் மீது பாய்ந்த குண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்ட் 1917-லிருந்து படம் இயக்கியவர். 1939-ல் ‘ஸ்டேஜ்கோச்’ படத்துக்காக யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள மான்யுமென்ட் பள்ளத்தாக்குக்குக் கேமராவைக் கொண்டுபோனார். வெஸ்டர்ன், அதாவது அமெரிக்க மேற்கின் கௌபாய் படம் என்றால் அந்தச் செம்பாறைகளும் அகன்ற வானமும்தான் என்று உலகம் பழகிப்போனது அதற்குப் பிறகுதான். அதே மனிதர் 67 வயதில், 1961-ல், ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ எடுத்தார். அதில் பாறையும் இல்லை, வானமும் அதிகம் இல்லை. பெரும்பகுதி பாரமவுன்ட் ஸ்டூடியோவின் தளங்களுக்குள் படமானது. அதுவும் கறுப்பு வெள்ளையில். 1962-ல் வெளியானபோது, செட் செட்டாகவே தெரிகிறது, கிழவர் சோர்ந்துவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு.

டோரதி ஜான்சனின் சிறுகதைதான் மூலம். செனட்டர் ரான்சம் ஸ்டாடர்ட், மனைவி ஹாலியோடு ஷின்போன் என்ற சிற்றூருக்கு ரயிலில் வந்து இறங்குகிறார். டாம் டோனிஃபன் என்ற, யாருக்கும் நினைவில்லாத ஒருவரின் சாவுக்கு வந்திருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் கேட்க, பழைய கதை விரிகிறது. இளம் வக்கீலாக வந்த ஸ்டாடர்ட், ஊரை மிரட்டிய லிபர்ட்டி வேலன்ஸைச் சுட்டு வீழ்த்தியவர் என்ற பெயரில்தான் அரசியலில் ஏறினார். ஸ்டாடர்டாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட், டோனிஃபனாக ஜான் வெய்ன், வேலன்ஸாக லீ மார்வின், ஹாலியாக வெரா மைல்ஸ்.

ஏன் கறுப்பு வெள்ளை? பாரமவுன்ட் செலவைக் குறைத்தது, வேறு காரணம் இல்லை என்றார் ஒளிப்பதிவாளர் வில்லியம் க்ளோத்தியர். அது உண்மையாகவே இருக்கட்டும். கதைக்கு அது என்ன செய்தது என்று பாருங்கள். படப்பிடிப்பின்போது வெய்னுக்கு 54 வயது, ஸ்டூவர்ட்டுக்கு 53. சட்டக் கல்லூரியிலிருந்து நேரே வந்த பையனாக ஸ்டூவர்ட் நடிக்க வேண்டும். பல ஆண்டு கழித்து நரைத்த செனட்டராகவும் அவரே வர வேண்டும். வண்ணத்தில் ஒப்பனையின் பூச்சும் முகச்சுருக்கமும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு வெள்ளையில் விளக்கைத் தள்ளி வைத்து, முகத்தின் ஒரு பக்கத்தை நிழலில் விட்டால் ஓரளவு தப்பிக்கலாம். ஓரளவுதான். ஸ்டூவர்ட்டின் வயது தெரியத்தான் செய்கிறது. ஆனால் நடப்பது எல்லாமே ஒரு கிழவரின் நினைவு. அதில் அவர் தன்னை இப்போதைய முகத்தோடு பார்ப்பது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

இனி, துப்பாக்கிச் சண்டை. இந்தப் படத்தின் இயந்திரமே அதுதான். ஒரே சம்பவத்தை ஃபோர்ட் இரண்டு முறை காட்டுகிறார்.

முதல் முறை: இரவு, வெறிச்சோடிய தெரு. ஸ்டாடர்ட் சமையற்கட்டு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கையில் துப்பாக்கியோடு நிற்கிறார். குடித்திருக்கும் வேலன்ஸ் சீட்டாட்டத்திலிருந்து எழுந்து வருகிறான். முதல் குண்டில் பக்கத்தில் தொங்கும் பானையை உடைக்கிறான். அடுத்தது ஸ்டாடர்டின் வலது கையில் பாய்கிறது, துப்பாக்கி விழுகிறது. எடுத்துக்கொள் என்று சிரிக்கிறான். ஸ்டாடர்ட் இடது கையால் எடுத்துச் சுடுகிறார். வேலன்ஸ் விழுகிறான். கேமரா இந்த இருவரையும் விட்டு அகலாமல் மாறி மாறிக் காட்டுகிறது. எதிர்ச் சந்தில் என்ன இருக்கிறது என்று கேட்க நமக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

இரண்டாம் முறை, டோனிஃபன் ஸ்டாடர்டிடம் நடந்ததைச் சொல்லும்போது, கேமரா அந்தச் சந்துக்குள் டோனிஃபனுக்குப் பின்னால் போய் நிற்கிறது. தூரத்தில் ஒரு பக்கம் ஸ்டாடர்ட், மறுபக்கம் வேலன்ஸ், இருவரும் சின்ன உருவங்கள். பாம்பி என்ற கறுப்பினப் பணியாள் ரைஃபிளை வீச, டோனிஃபன் பிடித்துச் சுடுகிறார். ஸ்டாடர்டின் துப்பாக்கி வெடிக்கும் அதே கணத்தில். பிறகு ரைஃபிளைத் திருப்பி வீசிவிட்டுப் போகிறார்.

இதில் எது வேண்டுமானாலும் சொதப்பியிருக்கலாம். முதல் தடவையே தெருவை அகலமாகக் காட்டியிருந்தால் ரகசியம் அங்கேயே உடைந்திருக்கும். இரண்டு வேட்டுக்கும் நடுவே அரை நொடி விழுந்திருந்தால் காது கண்டுபிடித்துவிடும். செட்டில் எடுத்ததன் லாபம் இங்கேதான். திறந்த வெளியில் இரவு வெளிச்சத்தை நினைத்தபடி வெட்டி ஒதுக்குவது பெரும்பாடு; தளத்துக்குள் விளக்கை அணைத்தால் சந்து இருட்டு. ஸ்டூடியோ வாடை அடிக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவில்லை.

உணவகக் காட்சியையும் சொல்ல வேண்டும். டோனிஃபனுக்கு ஸ்டேக் தட்டை ஏந்தி வரும் ஸ்டாடர்டின் காலை வேலன்ஸ் இடறிவிடுகிறான். இறைச்சி தரையில். அது என் ஸ்டேக், நீ எடு என்கிறார் டோனிஃபன். இருவர் கையும் துப்பாக்கிக்குப் பக்கத்தில். நடுவில் தரையில் கிடக்கும் ஸ்டாடர்ட், ஒரு துண்டு இறைச்சிக்காகவா கொலை என்று கத்தியபடி தானே அதை எடுத்து வைக்கிறார். மூவரும் மூன்று வகை அதிகாரம். அதை விளக்க ஒரு வசனமும் தேவைப்படவில்லை. இதற்கு நேர்மாறாக, கடைசிப் பகுதியின் அரசியல் மாநாடு பேச்சும் ஆரவாரமுமாக இழுக்கிறது. அங்கே கத்திரி போட்டிருக்கலாம்.

இசையில் ஒரு செய்தி: ஹாலியின் காட்சிகளில் கேட்கும் மெட்டு, ஃபோர்ட் 1939-ல் எடுத்த லிங்கன் படத்துக்காக ஆல்ஃப்ரட் நியூமன் அமைத்தது. படத்தின் பெயரிலேயே ஜீன் பிட்னி பாடிப் பிரபலமான பாட்டு படத்தில் இல்லவே இல்லை.

கட்டுக்கதை உண்மையாகிவிட்டால் கட்டுக்கதையையே அச்சிடு என்ற பொருளில் ஆசிரியர் பேசும் வசனத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஏதோ ஃபோர்டின் சொந்தக் கொள்கை போல. ஆனால் ஸ்டாடர்ட் சொன்னதை எழுதிய குறிப்புகளை அந்த ஆசிரியர் கிழித்தெறிவதற்குள் ஃபோர்ட் உண்மையை நமக்குக் காட்டி முடித்துவிட்டாரே.

அந்த உண்மைக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறார். ரைஃபிளை வீசிய பாம்பி. உட்டி ஸ்ட்ரோட் நடித்தது. ஸ்டாடர்ட் நடத்தும் வகுப்பில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்கும்போது, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற வரி அவருக்கு மறந்துபோகிறது. ஊர் கூடிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். மதுக்கடையில் அவருக்கு ஊற்ற மறுக்கிறார்கள். பல ஆண்டு கழித்து, டோனிஃபனின் சவப்பெட்டி அருகே அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் செனட்டரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கிறார்கள். பாம்பியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஃபோர்ட் கவனிக்காமல் விட்டது என்று இதைச் சொல்ல முடியாது. தேர்தல் நடக்கும்போது அவரை வெளியே உட்கார வைத்துப் படம்பிடித்தவரும் அவர்தானே.