பிறந்த வீட்டுக் கோடி

(எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர்கள் கூடிய மாலையில் பேசியது, பேச்சின் போக்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பத்தின் கொடிவழியை ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு மிகவும் பாடம் சொல்லித்தந்த ஒரு விஷயத்தை மட்டும் இன்று பேசுகிறேன். ஒரே ஆள் கொடிவழியில் இரண்டு மூன்று இடங்களில் வந்து நிற்பதுதான் அது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம்மைப் பெற்றவர்கள் 2 பேர். அவர்களைப் பெற்றவர்கள் 4. அதற்கு மேல் 8, அப்புறம் 16, 32, 64. பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். இருபதாவதில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. முப்பதாவதில் 107 கோடி. தலைமுறைக்கு 25 வருடம் என்று வைத்துக்கொண்டால் முப்பது தலைமுறை என்பது 750 வருடம்தான். மதுரையில் பிற்காலப் பாண்டியர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். உலக மக்கள்தொகையே 100 கோடியைத் தொட்டது 1800 வாக்கில்தான். அப்படியானால் அந்த 107 கோடிப் பேருக்கு எங்கே போவது? போக வேண்டியதே இல்லை. இடங்கள்தான் 107 கோடி. ஆட்கள் அதில் மிகச் சிறிய பங்கு. ஒவ்வொருவரும் பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது உலகத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும். மற்றவர்கள் பத்துப் பதினைந்து தலைமுறை மேலே போய்ப் பார்ப்பதை நாம் மூன்றாவது தலைமுறையிலேயே பார்த்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் என்று கட்டிய சமூகம் நம்முடையது.

எங்கள் வீட்டில் அப்பா கட்டியது தாய்மாமன் மகளை. அதாவது என் அப்பத்தாவும், அம்மாவைப் பெற்ற அய்யாவும் கூடப்பிறந்தவர்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் எனக்குக் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டிகள் எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான் என்று வரைபடம் போடும்போதே குறித்துவிட்டேன். ஆனால் அப்பத்தாவைப் பெற்ற அம்மாவின் கட்டத்தில் ‘பிறந்த ஊர் தெரியவில்லை’ என்று எழுதி, நாலு வருடம் அப்படியே விட்டிருந்தேன். அவர் கணவர் வழியில் ஐந்து தலைமுறை கிடைத்தது. குலதெய்வக் கோயிலில் பங்காளிகளைக் கேட்டால் ஆண்கள் பெயரை மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். அந்த அம்மா எந்த வீட்டுப் பெண் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

போன வருடம் என் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவுடைய மூத்த அக்கா, வயது 87. வாசல் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் நோட்டை விரித்து வைத்து, ‘அத்தை, உங்க அம்மாச்சி எந்த ஊரு?’ என்று கேட்டேன். அவருக்கு ஊர்ப் பெயர் சட்டென்று வரவில்லை. வேறொன்று வந்தது.

‘அது செத்தப்ப நான் சின்னப் புள்ள. எங்க அப்பாதான் பொறந்த வீட்டுக் கோடி எடுத்துட்டுப் போனாரு. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, தாம்பாளத்துல சேலையை வச்சு, கொட்டோட போனாரு.’

எனக்கு உடனே பிடிபடவில்லை. ‘அவர் மருமகன்தானே அத்தை? மருமகன் எப்படிப் பிறந்த வீட்டுக் கோடி கொண்டு போவார்?’ என்று கேட்டேன்.

கிள்ளிய காம்பைக் கீழே போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘ஏன் மருமகனே, அவருக்கு அது கூடப்பொறந்த அக்கா இல்லையா? அக்கா மகளைத்தானே கட்டினாரு!’

அந்த ஒரு வார்த்தையில் என் வரைபடம் முழுவதும் மாறிப்போனது. ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அதைக் கொண்டுவருகிறவர் அண்ணன், தம்பி அல்லது அவர்கள் பிள்ளைகள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தகவலை ஒரு சடங்கு அத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. பார்த்த கண்ணும் இன்னும் இருந்தது.

இப்போது எண் போட்டுப் பார்ப்போம். முன்னோர்களுக்கு எண் கொடுக்க ஐரோப்பாவில் ஓர் எளிய முறை உண்டு. 1590இல் மிகேல் ஐட்சிங்கர் கையாண்டது. 1676இல் எரோனிமோ தே சோசா எடுத்துக்கொண்டார். 1898இல் ஷ்ட்ராடோனிட்ஸ் என்ற ஜெர்மானியர் அதைப் பரவலாக்கினார். நான் 1. என் அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அவருடைய அம்மா. இதன்படி அப்பாவைப் பெற்ற தாத்தா 4, அப்பத்தா 5, அம்மாவைப் பெற்ற அய்யா 6, அம்மாச்சி 7.

4ஆம் எண் தாத்தாவின் பெற்றோர் 8, 9. அப்பத்தாவின் அம்மா 11. அய்யாவுக்கும் அவரே அம்மா, எனவே 13ஆகவும் அவரே வருகிறார். அத்தை சொன்னபடி அந்த அம்மா 4ஆம் எண் தாத்தாவுக்கு அக்கா. அதனால் 8ஆம் எண்ணில் இருக்கும் மனிதர்தான் 22ஆம் எண், 26ஆம் எண் எல்லாமே. அவர் மனைவி 9, 23, 27. ஒரே தம்பதி மூன்று இடத்தில், அதுவும் இரண்டு வெவ்வேறு தலைமுறைப் படியில். எனக்கு மேலே நான்கு தலைமுறையில் இருக்க வேண்டிய இடங்கள் 2, 4, 8, 16 என்று மொத்தம் 30. ஆட்களை எண்ணினேன். 22 பேர்.

ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஒட்டோகார் லோரென்ஸ் இதற்கு ‘முன்னோர் இழப்பு’ என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்தார். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. எட்டுப் பேரை நான் தொலைத்துவிடவில்லையே. இருக்கிறவர்களோடு எனக்கு மூன்று வழியில் உறவு என்றுதான் அதற்கு அர்த்தம். ‘கொடிவழி’ என்ற நம் சொல் இதற்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மரத்தின் கிளை பிரிந்தால் பிரிந்ததுதான். கொடி திரும்பி வந்து தன்னையே சுற்றிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை நாள் ஆனது என்று யோசித்தேன். இன்று நான் சொல்ல வந்த முக்கியமான செய்தியே இதுதான். நம் முறையில் பங்காளிக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது கிடையாது. அண்ணன் தம்பி பிள்ளைகள் அண்ணன் தங்கை ஆகிவிடுகிறார்கள். ஆகவே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பொதுவான முன்னோர் ஒருவர் இருந்தால், அவரிடமிருந்து இறங்கி வரும் இரண்டு வழியில் ஒன்றிலாவது ஒரு பெண் இருந்தே தீர வேண்டும். கிளைகள் சேர்கிற இடம் எப்போதும் ஒரு பெண். நாம் எழுதி வைத்ததோ ஆண்களை மட்டும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். மகன்கள் பெயர் வரிசையாக இருக்கும், மகள்களைக் காண முடியாது. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு வந்தது 1989இல்தான். நாடு முழுவதற்கும் 2005இல். ஆண் வழியை மட்டும் எழுதினால், பத்துத் தலைமுறை எழுதினாலும் ஒருவர்கூடத் திரும்ப வரமாட்டார். பார்க்கச் சுத்தமாக இருக்கும். உண்மையில் பாதிக் குடும்பம் அதில் இருக்காது.

அயல்நாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஸ்பெயினில் 1857இல் பிறந்த பன்னிரண்டாம் அல்போன்சோவின் அரச வம்சப் பட்டியலில் எட்டுக் கொள்ளுத் தாத்தா பாட்டி இடங்களுக்கு நாலே பேர்தான். அவருடைய இரண்டு தாத்தாக்களும் அண்ணன் தம்பி, இரண்டு பாட்டிகளும் அக்கா தங்கை. அதோடு, மூத்தவர் கட்டியது தங்கை மகளை, இளையவர் கட்டியது அக்கா மகளை. அதுவரை நம் ஊர்க் கதை மாதிரியே போகிறது. ஆனால் அந்த அண்ணன் தம்பியின் பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் கட்டிவைத்தார்கள். நம் முறையில் அவர்கள் அப்பா வழியிலும் அண்ணன் தங்கை, அம்மா வழியிலும் அண்ணன் தங்கை. சார்லஸ் டார்வின் 1839இல் கட்டியது தாய்மாமன் மகள் எம்மாவை. நம் வீட்டுக் கல்யாணத்தில் அவருக்கு ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உடம்பு சம்பந்தமாகவும் இதில் ஒரு செய்தி இருக்கிறது, கல்யாண வயதுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நம் உடம்பில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு 16இல் 1. அக்கா மகள் என்றால் 8இல் 1. என்னுடையது 16இல் 1 என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை சொன்ன உறவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 32இல் 3, அதாவது ஒன்றரை மடங்கு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை. மருத்துவர் ‘சொந்தத்தில் கல்யாணமா?’ என்று கேட்டால் ‘ஆமாம், மாமன் மகள்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். மேலே இருக்கும் முடிச்சுகளையும் காட்டும் ஒரு தாள் கையில் இருந்தால் அவருக்கு எவ்வளவோ உதவும்.

சரி, எழுதும்போது என்ன செய்யலாம்? ஓர் ஆளுக்கு ஒரே பதிவு. எண் எத்தனை வந்தாலும் மிகச் சிறிய எண்ணில் விவரத்தை எழுதுங்கள், மற்ற எண்களில் ‘8ஐப் பார்க்கவும்’ என்று போடுங்கள். கணினியில் எழுதினாலும் இதே வழிதான்.

அவசரப்பட்டு இருவரை ஒருவராக்கவும் கூடாது. நான் அந்தத் தவறைச் செய்தேன். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். பெயரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். ஒரே பெயர், ஒரே ஊர் என்று பார்த்ததும் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டேன். ஒரு கிரயப் பத்திரத்தின் தேதி வந்து, அந்த ஆள் செத்துப்போய் இருபது வருடம் கழித்து நிலம் வாங்கியதாகக் காட்டிய பிறகுதான் பிரித்தேன். அதிலிருந்து பெயரை மட்டும் நான் நம்புவதில்லை. அப்பா பெயர், மனைவி பிறந்த வீடு, ஊரில் அந்த வீட்டுக்கு வழங்கிய பட்டப்பெயர், நிலத்தின் சர்வே எண், இவற்றில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும்.

மொய் நோட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெயரோடு, சில நோட்டுகளில் உறவுமுறையோடு எழுதிய வேறு ஆவணம் நம் வீடுகளில் கிடையாது. காதுகுத்தில் தாய்மாமன் மொய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தால் அந்த வீட்டு அம்மா பிறந்த ஊர் தெரிந்துவிடும்.

என் வரைபடத்தில் 15ஆம் எண், அம்மாச்சியைப் பெற்ற அம்மா. அவருடைய பெற்றோர் 30, 31 இரண்டு கட்டமும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. அம்மாச்சியின் தங்கை ஒருவர் இருக்கிறார், நடமாட்டம் குறைந்துவிட்டது, பேச்சு நன்றாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போகிறேன். இந்தத் தடவை ஊரைக் கேட்கப் போவதில்லை. கோடி யார் கொண்டு வந்தார்கள் என்று கேட்கப் போகிறேன்.

வணக்கம்.