ஆளறிந்து ஆசனம் போடு: நாடகம் எழுத உட்காரும் முன் ஒரு பட்டியல்

(மொரீசியஸில் ஒரு கோவில் மண்டபத்தில், இளைஞர் நாடகப் பயிற்சியின் முதல் நாளன்று ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

தலைமை ஏற்றிருக்கும் கோவில் தலைவர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நம்முடன் இருந்து விளக்கேற்றி வைத்த குருக்கள் ஐயா அவர்களே, கலை பண்பாட்டு அமைச்சகத்திலிருந்து விடுமுறை நாளையும் பாராமல் வந்திருக்கும் அதிகாரி அம்மா அவர்களே, மோக்காவிலிருந்து வந்திருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்துத் தமிழ்த் துறை ஆசிரியப் பெருமக்களே, நகரமன்ற உறுப்பினர் அவர்களே, தமிழாசிரியர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். பின்கட்டில் விடியற்காலையிலிருந்து நமக்காக ஏழு கறி சமைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். அவர்கள் காதில் இது விழ வேண்டும் என்பதால் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு இந்த மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்த அன்பர் இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஐயா, உங்களால்தான் கடைசி வரிசைக்கும் என் குரல் கேட்கிறது. நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நாடகம் எழுதத் தொடங்கும்போது பாத்திரப் பட்டியல் தயாரிப்பது எப்படி என்பது. ஐந்து விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்: பெயர், வயது, உறவு, ஒவ்வொருவருக்கும் வேண்டியது என்ன, அப்புறம் யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பது.

நம் பெரியவர்கள் சொன்ன ஒரு பழமொழி உண்டு. ஆளறிந்து ஆசனம் போடு, பல்லறிந்து பாக்குப் போடு. வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாமல் மணை எடுத்துப் போட முடியாது. பல் இல்லாத பாட்டிக்குக் கொட்டைப் பாக்கை முழுதாகக் கொடுக்க முடியாது. நாடகமும் அப்படித்தான். யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமல் முதல் காட்சியை எழுதினால், மூன்றாம் காட்சியில் அண்ணன் பெயர் மாறிவிடும், செத்துப்போன மாமா கல்யாணத்தில் வந்து ஆசீர்வாதம் செய்வார். தேசிய நாடக விழாவுக்காகப் பிள்ளைகள் எழுதும் நாடகங்களைப் பல வருடமாகப் படிக்கிறேன். பாதியில் நின்றுபோன நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டியலே கிடையாது.

இந்தப் பட்டியல் என்னவோ வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் முதல் பெருந்தொகுப்பில் 36 நாடகங்கள் உண்டு. அதில் ஏழு நாடகங்களுக்குத்தான் பட்டியல் இருக்கிறது, அதுவும் நாடகம் முடிந்த பிறகு, கடைசியில். 1709இல் நிக்கோலஸ் ரோ பதிப்பித்தபோதுதான் மற்றவற்றுக்கும் பட்டியல் வந்தது. நம்மிடம் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே ஒன்று இருந்தது. தொல்காப்பியத்தின் அகத்திணை மாந்தரை, அதாவது காதல் பாட்டில் வருகிறவர்களைப் பாருங்கள்: கிழவோன் என்கிற தலைவன், கிழத்தி என்கிற தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், பாணன், பரத்தை. அகப்பாட்டில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் உறவு இல்லாமல் அந்தப் பட்டியலில் ஒருவர்கூடக் கிடையாது. செவிலி என்றால் அவள் வளர்த்த பெண் ஒருத்தி இருக்கிறாள். பாங்கன் என்றால் அவன் யாருக்குத் தோழன் என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஒரு பெயரும் சொல்லாமலே எல்லோரையும் ஒருவரோடு ஒருவர் கட்டிவைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதும் பட்டியலிலும் இந்தக் கட்டு இருக்க வேண்டும். "ரவி, வயது 30, நல்லவன்" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒரு காட்சியும் எழுத முடியாது. "ரவி, பெரியப்பா வீட்டில் வளர்ந்தவன், அதை யாரும் தனக்குச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இருப்பவன்" என்று எழுதிப் பாருங்கள், முதல் காட்சி கிடைத்துவிட்டது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

பதினோரு வருடம் முன்பு இதே போன்ற ஒரு மண்டபத்தில் ஒத்திகை. நாடகம் ஒரு வீட்டைப் பற்றியது. கோர் தெ கார்த் மலையடிவாரத்தில் அப்பா கட்டிய வீடு, தகரக் கூரை, முன்னால் ஒரு லிச்சி மரம். பிள்ளைகள் அதை விற்கப் பார்க்கிறார்கள். முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துப் பட்டியலைப் படித்தேன். பெரியவர், மூத்த மகன், இளைய மகன், மருமகள், வக்கீல், தரகர், ஒரு கிழவி. அவ்வளவுதான்.

மண்டபத்தின் பின்னால், தூணுக்குப் பக்கத்தில், ஒரு பாட்டி உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் வருவார், அம்மனுக்கு மாலை கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் பேசுவதைக் கவனிக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. நான் படித்து முடித்ததும் நாரை வாயில் பிடித்தபடியே கேட்டார்: "தம்பி, அந்தக் கிழவிக்குப் பேர் இல்லையா?"

நான் சொன்னேன், "அவங்க ரெண்டு தடவைதான் வருவாங்க பாட்டி. தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கணும், அவ்வளவுதான்."

பாட்டி நாரை வாயிலிருந்து எடுத்தார். "ரெண்டு தடவை வந்தாலும் அவளை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா? அந்த வீட்டுக்கு அவ யாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. வட்டத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாட்டி விடவில்லை. "யாருன்னு தெரியாதவ கொண்டுவர்ற தேத்தண்ணியை யாருப்பா குடிப்பாங்க?" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்றிரவு வீட்டுக்குப் போய் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு உட்கார்ந்தேன். பாக்கியம் என்று எழுதினேன். வயது 71. பெரியவருக்குத் தங்கை, புருஷனை இழந்தவள். சரி, அவளுக்கு என்ன வேண்டும்? அதற்குத்தான் இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் எழுதினேன்: "இந்த மனை வாங்க அண்ணனுக்குத் தன் நாலு வளையலைக் கழற்றிக் கொடுத்தவள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை."

அவ்வளவுதான், நாடகமே புரண்டுவிட்டது. அதுவரை இரண்டாம் அங்கம் எனக்கு நகரவே இல்லை. அண்ணன் தம்பி இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள், முடிவு வரவில்லை. இப்போது அந்த வீட்டை அவளைக் கேட்காமல் விற்க முடியாது என்று ஆகிவிட்டது. தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வருகிறவளுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தால் போதும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் விளங்கும். தரகர் பாத்திரம் தேவையே இல்லை என்று எடுத்துவிட்டேன். ஆளறிந்து ஆசனம் போடு என்று சொன்னேனே, நான் ஒருத்திக்கு ஆசனமே போடாமல் தட்டை மட்டும் கையில் கொடுத்து நிற்க வைத்திருந்தேன்.

கதை இன்னும் முடியவில்லை. பாக்கியமாக யார் நடிப்பது? அந்தப் பாட்டியையே கெஞ்சி அழைத்துவந்தோம். அவருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி வசனத்தைச் சொல்லச் சொல்லக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டார். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத மற்ற பிள்ளைகளுக்கு வழக்கம்போல தமிழ் வசனத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். ஒத்திகையில் இளைய மகன் கண்ணீரோடு அத்தையின் முன் மண்டியிட்டு, "எனக்கு ஒரு வழி காட்டுங்க அத்தை" என்று கேட்க வேண்டும். தாளில் வே, ஆ, எல், ஈ (vali) என்று நாலு எழுத்து. அந்தத் தம்பி நன்றாகப் படித்தவன், நல்ல நடிகன், "எனக்கு ஒரு வலி காட்டுங்க அத்தை" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாட்டி சிரிக்கவில்லை. அவன் முகவாயைப் பிடித்து, "வழி, வழி, நாக்கை மடி" என்று சொல்லிக் கொடுத்தார். அந்த நாலு எழுத்தில் வழி, வலி, வளி, வாலி, வாளி எல்லாமே ஒன்றாகத்தான் கிடக்கின்றன. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் அந்தத் தாளில், அதை எழுதிக் கொடுத்த எங்கள் கையில்.

அன்பார்ந்தவர்களே, நான் எங்கே வருகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எந்த மேடை கிடைத்தாலும் இதைத்தான் சொல்கிறேன், இன்றும் சொல்லாமல் போக மாட்டேன். பாத்திரப் பட்டியலைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். முதல் பக்கத்திலேயே தொடங்குங்கள்.

நம் குடும்பங்களைப் பற்றி ஒரு பட்டியல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பதிவேடுகள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், ஊர், உடம்பில் உள்ள அடையாளம். நம் முன்னோர்களை யாரோ பாத்திரங்களாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்குத் தமிழ் தெரியாது, காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி மூன்சாமி ஆனார். அருணாசலம் அர்னாசெல்லும் ஆனார். அந்தத் தாத்தாவின் பெயர்தான் இன்று உங்கள் அடையாள அட்டையில் குடும்பப் பெயராக இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டியிருந்தது, யாரை விட்டுவிட்டு வந்தார் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் நீங்கள் நாடகம் எழுத வந்திருக்கிறீர்கள்.

வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நாடகப் புத்தகங்களில் அரசன் முதலில் வருவான், பெண்கள் எல்லோரும் கடைசியில் ஒரு கொத்தாக வருவார்கள். வரிசை சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம் பணத்தாளை எடுத்துக் காட்டுங்கள். 1998இல் புதிய நோட்டு வந்தபோது, அதில் உள்ள மொழிகளின் வரிசையில் அதுவரை இரண்டாவதாக இருந்த தமிழ் மூன்றாவதாகக் கீழே போயிருந்தது. இந்தத் தீவின் தமிழர்கள் ஒன்றாக எழுந்து கேட்டோம். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசையிலேயே அச்சடித்தார்கள். ஆளறிந்து ஆசனம் போடு என்று அன்று நாம் கேட்டு வாங்கினோம். கேட்டு வாங்கிய அந்த எழுத்தை நம் பிள்ளைகள் நோட்டில் பார்த்துப் படிக்க வேண்டாமா?

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக: எல்லோரையும் இருபத்தைந்து வயதுக்காரர்களாக எழுதாதீர்கள். இரண்டு பேருக்குக் கமலா, கமலம் என்று பக்கத்துப் பக்கத்துப் பெயர் வைக்காதீர்கள், கேட்கிறவர்களுக்குக் குழம்பும். எட்டு நடிகர்கள்தான் என்றால் பதினைந்து பாத்திரம் எழுதாதீர்கள். ஒரு பாத்திரத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே ஓடுகிறது என்றால், அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். மொழியைப் பற்றி, அதாவது பாட்டி தமிழிலும் அப்பா கிரியோலிலும் பிள்ளை பிரெஞ்சிலும் பேசும் வீட்டை மேடைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பேச நேரம் இல்லை. தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து மாலை மூன்று மணிக்கு இதே மண்டபத்தில் தமிழ் எழுத்து வகுப்பு. வயது வரம்பு இல்லை, கட்டணம் இல்லை. நடிக்கப்போகும் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும், அவர்களை அழைத்துவரும் பெற்றோரும் வெளியே காரில் காத்திருக்காமல் உள்ளே வந்து உட்காருங்கள். பன்னிரண்டு வாரத்தில் உங்கள் வசனத்தை நீங்களே தமிழில் படிக்கலாம். அன்று வலி என்று படித்த அந்தத் தம்பிதான் வகுப்பு எடுக்கப்போகிறார். எழுந்து நில்லுங்கள் தம்பி, எல்லோரும் பார்க்கட்டும்.

வரும்போது ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவாருங்கள். உங்கள் பாட்டியின் முழுப் பெயரையும், பாட்டியின் அம்மா பெயரையும் வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள். முதல் வகுப்பில் அந்த இரண்டு பெயரைத்தான் எழுதப்போகிறோம்.

நன்றி. வணக்கம்.