தொட்டில் பழக்கமும் ஒரு ஹார்மோனும்

அவைத் தலைவர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லிவிட்ட கால்நடை மருத்துவர் அவர்களே, நான்கு முறை போன் செய்து என்னை வரவழைத்த செயலாளர் அவர்களே, பின்னால் நிற்கும் நண்பர்களே (முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்), அனைவருக்கும் வணக்கம்.

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.’ எந்த மேடையானாலும் இதில்தான் ஆரம்பிக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். இன்று மூன்று விஷயம் பேச வேண்டும்: பதற்ற ஹார்மோன் எப்படிச் சுரக்கிறது, தாயைப் பிரிந்த குட்டியிடம் அது என்ன ஆகிறது, கன்றுக்கும் குரங்குக்கும் இதில் என்ன வித்தியாசம்.

முதலாவது சுருக்கமாக. பயம் வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பிக்குச் சேதி சொல்லும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பும். அட்ரீனல் ஹார்மோனைக் கொட்டும். நாய்க்கும் நமக்கும் அது கார்டிசால், எலிக்குக் கார்ட்டிகோஸ்டீரோன். வேலை முடிந்ததும் ‘போதும்’ என்று நிறுத்தச் சொல்வதில் மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸுக்குப் பெரிய பங்கு.

அப்புறம் எலிக்குட்டி. பிறந்த நாலாம் நாளிலிருந்து ஏறக்குறைய பதினாலாம் நாள் வரை, சின்னச் சின்ன அதிர்ச்சிக்கு அதன் ஹார்மோன் எளிதில் ஏறாது. தாய் அருகில் இருப்பதுதான் காரணம். தாயை ஒரு நாள் முழுக்க எடுத்துவிட்டால் அந்தக் காவல் உடைந்துவிடும். ஆய்வாளர் சீமோர் லெவின் குழுவினர் அப்படிப் பிரித்த குட்டிகளைத் தூரிகையால் தடவிக்கொடுத்துப் பார்த்தார்கள். மூளையின் பதற்றம் அடங்கியது. பாலும் ஊட்டியபோது அட்ரீனலும் அடங்கியது. தாய் நக்குவது ஒரு மருந்து, பால் இன்னொரு மருந்து! 1997-இல் மைக்கேல் மீனி என்ற ஆய்வாளரின் குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள்: தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகள் வளர்ந்தபின்னும் அதிர்ச்சிக்குக் குறைவாகவே ஹார்மோன் சுரந்தன. தொட்டில் பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். தெரிந்த ஒருவர் ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “இரண்டு மாதம் ஆச்சு” என்றார். மருத்துவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “நாலு வாரம்கூட இருக்காது சார்.” முதல் ராத்திரி அது அழவில்லை, கத்தியது. கடிகாரத்தைப் போர்வையில் சுற்றி வைத்தேன், அடங்கவில்லை. என் சட்டைக் காலரைச் சப்பியபடி விடியற்காலை நாலு மணிக்குத் தூங்கியது. நான் நாற்காலியில், அது என் மார்பில். கழுத்து பிடித்துக்கொண்டது மூன்று நாள். இப்போது அதற்கு ஒன்பது வயது. குக்கர் விசில் அடித்தால் இன்னும் கட்டிலுக்கடியில் போய் என் பழைய சட்டையைத் தேடுகிறது. அதன் கார்டிசாலை நான் அளக்கவில்லை, ஒரு நாயை வைத்து விதி சொல்லவும் கூடாது. ஆனால் தாயிடமிருந்து முப்பது, நாற்பது நாளில் பிரித்த நாய்க்குட்டிகளை இரண்டு மாதத்தில் பிரித்தவற்றோடு 2011-இல் ஓர் ஆய்வில் ஒப்பிட்டபோது, சீக்கிரம் பிரித்தவற்றிடம் பயமும் ஓயாத குரைப்பும் கூடுதலாக இருந்தன. தொட்டில் பழக்கம், ஐயா!

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்கிறேன்: எட்டு வாரம் முடியாமல் நாய்க்குட்டியை வாங்காதீர்கள், விற்காதீர்கள், பரிசாகவும் நீட்டாதீர்கள். குட்டியின் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கன்றும் குரங்கும் பாக்கி. தலைவர் மணியைப் பார்க்கிறார், மன்னிக்க வேண்டும், அடுத்த கூட்டத்தில். வாசலில் மேசைமேல் கையெழுத்துத் தாள் இருக்கிறது; பேனா மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், போன முறை வைத்த ஆறும் போய்விட்டன.